பத்து மூச்சுக்கு ஒரு வரி

அக்கா,

இன்று காலை என் கைப்பிள்ளை தம்பியின் துணிகளை மடிக்கும்போது ஒன்றில் லேசாகக் கருகல் வாசனை அடித்தது. கருகவில்லை. கரி அடுப்பின் மேல் கவிழ்த்த மூங்கில் கூடையில் காய்கிற துணிக்கெல்லாம் இந்த மலையில் அந்த வாசனைதான். மூன்று நாளாக வெயிலைக் கண்ணில் பார்க்கவில்லை, வேறு எப்படிக் காயவைப்பது. ஆனாலும் துணியை உதறிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு தம்பி தூங்கும் இடத்துக்குப் போய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நீங்கள் போய் ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். இருந்திருந்தால், "பஸ்ஸுகூட இம்புட்டு லேட்டா வராது, பி.ஏ." என்று சொல்லியிருப்பீர்கள்.

கல்யாணமாகி நான் மலையேறி வந்தபோது மூஞ்சிக்கல்லில் உங்கள் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகள்தான் எங்களுக்குக் கிடைத்தன. உங்கள் வீட்டு முன்பக்கம் கடை. சோப்பு, சீயக்காய், கம்பளிக் குல்லாய், பட்டணத்துப் பத்திரிகைகள். பழனி அடிவாரத்தில் யாத்திரைக்காரர்களின் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இந்த ஊரின் அமைதி பயமாக இருந்தது. மூடுபனி இறங்கினால் எதிர்வீடு காணாமல் போய்விடும். இவர் காலையில் ஆபீசுக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் நானும் வயிற்றுப் பிள்ளையும்தான்.

உங்களை முதலில் பார்த்தது ஒரு வியாழக்கிழமை. கொடைரோடு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் ஏறி, பத்திரிகைக் கட்டு மேலே வந்து சேருகிற நாள். உங்கள் வீட்டுக்காரர், பாய், சணல் கயிற்றை அறுத்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு ஒரு பிரதியை உருவிக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். மடிப்பு விழாமல், பக்கத்தை முழுதாக விரிக்காமல், சந்துவழியாக அடுத்த வீட்டைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணால் படித்துக்கொண்டு நின்றீர்கள். நான் சோப்பு வாங்கி, இவருக்குக் குல்லாய் பார்த்து, அது பெரிது இது சிறிது என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கதையை முடித்துவிட்டு, கைபடாத புதுப் பிரதிபோல அதைத் திரும்ப வைத்தீர்கள். அதையேதான் நான் வாங்கினேன்.

"மூணாவது கதையப் படிக்காத," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "கடசியில அவன் செத்துப்போயிருவான்."

அப்படித்தான் பழக்கமானோம். ஒருநாள் பேச்சுவாக்கில், மதுரையில் பி.ஏ. படிக்கும்போது என் கதை ஒன்று கல்லூரி மலரில் வந்தது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கல்யாணம் ஆயிருச்சுக்கா."

"கல்யாணமா வந்து உன் பேனாவப் புடுங்குச்சு? உன் வீட்டுக்காரரு வாயில்லாப் பூச்சியாவுல இருக்காரு." பிறகு கடைப் பக்கம் பார்த்தீர்கள். "ஊருக்கெல்லாம் வாராவாரம் கதை வருது. உனக்கு மட்டும் ஏன் வராது? கட்டு வர்ற அன்னைக்கு உன் கதையும் என் கைக்கு வரணும். பஸ்ஸு லேட்டாகலாம். நீ ஆகக்கூடாது."

விளையாட்டு என்று நினைத்தேன். வியாழக்கிழமை கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். இல்லை என்றதும் திரும்பிப் போனீர்கள். அடுத்த வியாழனும் வந்தீர்கள். மூன்றாவது வாரம், உங்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வெட்கப்பட்டு, நாலு பக்கம் எழுதி வைத்தேன். என் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி அந்த வெட்கம்தான்.

அந்த நாலு பக்கத்தையும் சுவரில் சாய்ந்து நின்றபடியே படித்தீர்கள். "இவ ஏன் எதுக்கெடுத்தாலும் சன்னலப் பாத்துக்கிட்டு நிக்கிறா? வீட்டுல சோலி ஒண்ணும் கெடையாதா?"

"அவ துயரத்துல இருக்காக்கா."

"துயரப்பட்டவளுக்குத்தான் சோலி சாஸ்தி."

இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணைச் சன்னலிலிருந்து நகர்த்தி உரலடியில் உட்காரவைத்தேன். அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் வேறு மாதிரி இருந்தது. அதற்காக உங்கள் தீர்ப்பெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். கதையில் மழை பெய்தாலே உங்களுக்கு ஆகாது. "இங்க பெய்யிறது பத்தாதா, காகிதத்துலயுமா?" என்பீர்கள். உங்களுக்காக எத்தனையோ நல்ல மழைகளை அடித்துவிட்டேன்.

பாப்பா பிறந்த பிறகு எனக்கு எழுதும் நேரம் என்று ஒன்று அமைந்ததும் இந்தக் கூடையால்தான். இவர் போன பிறகு அவளைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு, கரியைப் பற்றவைத்துக் கூடையைக் கவிழ்த்து, ஈரத்துணிகளைப் பரப்புவேன். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். விட்டுவிட்டு எங்கும் போக முடியாது. போக முடியாத அந்த நேரத்தில் மடியில் அட்டையை வைத்து எழுதினேன். தினமும் இரண்டு கூடை. வியாழக்கிழமைக்குள் ஒரு கதை வந்துவிடும்.

அந்த வியாழன் மட்டும் கதையின் கடைசிப் பக்கம் பாக்கி. துணியும் நிறைய, அவளுடைய ஒரே கம்பளி வேறு ஈரம். வெரசாகக் காயட்டும், எழுந்து எழுந்து திருப்ப வேண்டாம் என்று இரண்டு பிடி கரியைக் கூட அள்ளிப் போட்டேன். மூடுபனி உள்ளே வந்தது. பிள்ளைக்கு ஆகாதே என்று சன்னலைச் சாத்தினேன். மூடுபனிக்குப் பயந்தவளுக்குக் கரிப்புகை நினைவுக்கு வரவில்லை. கதையில் யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை கனத்தது. எழுதுகிற மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பளி கருகிய வாசனை சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். சன்னலைத் திறந்து, பாப்பாவைத் தூக்கி என் கையில் திணித்து, புகைகிற கூடையை வெறுங்கையால் எடுத்து முற்றத்தில் எறிந்தீர்கள். பாப்பா இருமிக்கொண்டே அழுதாள். அழுகிறாளே என்று உங்கள் முகத்தில்தான் முதலில் சந்தோஷம் வந்தது. இரண்டு நாள் அவளுக்கு இழுப்பு. இரண்டு வாரம் நீங்கள் வெந்த உள்ளங்கையோடு பத்திரிகையை விரல்நுனியில் பிடித்துப் படித்தீர்கள்.

நான் எழுதுவதை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. இவர், "நல்லவேளை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் பேனாவைப் பார்த்தாலே மூச்சு அடைத்தது. கதையா பிள்ளையா என்று யாரோ என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. அதற்கு ஒரு பதில்தானே சொல்ல முடியும்.

நீங்கள் வியாழக்கிழமை வந்தீர்கள். எழுதவில்லை, இனிமேலும் எழுதப்போவதில்லை என்றேன். மறுநாள் வெள்ளனே வந்து ஈரத்துணி வாளியைத் தூக்கினீர்கள்.

"எங்கக்கா கொண்டு போறீங்க?"

"எங்க வீட்டுப் பின்கட்டுல புகைபோக்கி இருக்கு. எங்க துணியோட துணியாக் காயட்டும்." நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல கை நனைக்கமாட்ட, தெரியும். துணி காயலாம்ல?" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அன்று மத்தியானம் மடித்த துணியை வாங்க வந்தபோது, நானாகவே உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து டீ கேட்டேன். நீங்கள் போட்டுக் கொடுத்தீர்கள். சீனி அதிகம். அதற்கப்புறம் எப்போதுமே அதிகம்.

கரி போயிற்று, கூடை போயிற்று. ஆனாலும் எழுத்து வரவில்லை. வேலை இல்லாத அந்த நேரம் முழுக்க, தூங்கும் பிள்ளையின் மார்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏறுகிறதா, இறங்குகிறதா. ஒருநாள் துணியோடு வந்து வாசலில் நின்று நீங்கள் இதைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது.

"தெனம் இதுதான் சோலியா?"

"பாக்காம இருக்க முடியலக்கா."

பயப்படாதே என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அவள் மார்பைப் பார்த்தீர்கள்.

"சரி, பாரு. யாரு வேணாம்னா. பத்து மூச்சு எண்ணு. எண்ணிட்டு ஒரு வரி எழுது. மறுக்கா பத்து எண்ணு. அவளும் உன் கண்ணுல இருப்பா, கதையும் நகரும்."

"அப்படியெல்லாம் கதை எழுத முடியுமாக்கா?"

"எனக்கென்ன தெரியும். நான் எழுதுறவளா? நான் கொறை சொல்றவ."

முதல் நாள் ஏழு வரி வந்தது. அவற்றில் மூன்று ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அடுத்த நாள் பதினொன்று. அந்த வியாழன் முக்கால் பக்கம் கொடுத்தேன். ஒற்றைக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "கடுகுதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒரு வியாழனும் தப்பவில்லை. பாப்பாவுக்குச் சளி என்றால் பத்தை முப்பதாக்கி எண்ணுவேன். எழுதக் குனியும் நேரம் குறைந்துபோகும். கதையைக் கையில் வாங்கியதுமே, "இந்த வாரம் வரியெல்லாம் குட்டை குட்டையாக் கெடக்கே, மறுபடி இழுப்பா?" என்று கேட்பீர்கள். பக்கத்தில் நீள வரி ஒன்று வந்துவிட்டால் படிக்காமலே முகம் மலரும். என் பிள்ளையின் உடம்பை என் வரியில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒருமுறை என் கதை ஒன்று பட்டணத்துப் பத்திரிகையில் வந்தது. பாய் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். நீங்கள் படித்துவிட்டுக் கோபமாக வந்தீர்கள். "ரெண்டாம் பக்கத்துல ஒரு வரியத் தூக்கிட்டானுக. நல்ல வரி." எந்த வரி என்று எனக்கே மறந்துவிட்டது. நீங்கள் மனப்பாடமாகச் சொன்னீர்கள்.

இப்போது அந்தப் பஸ் கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு மூச்சுத்திணறல் கடுமையாக இருந்த மழைக்காலத்தில் எழுதியது. சுகமில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி கடைசி பஸ்ஸில் மலையிறங்குகிறாள். பெருமாள் மலை தாண்டி ஒரு வளைவில் பிள்ளையின் மூச்சு நின்றுபோகிறது. சொன்னால் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல், வத்தலக்குண்டு வரைக்கும் அதை மடியில் தட்டிக் கொடுத்துக்கொண்டே போகிறாள். அதை எழுதிய வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நீங்கள் நின்று படித்தீர்கள். படித்து முடித்த பிறகும் நின்றீர்கள். ஒரு குறையும் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்த வாரமும் அதைப் பற்றிப் பேச்சில்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லை, சாவு வந்ததால் கோபம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கத் துணிவு வரவில்லை.

அடுத்த வருஷம் தம்பியைப் பெற்றெடுக்கப் பழனிக்குப் போனேன். தபாலில் வாராவாரம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அனுப்பியது இரண்டே இரண்டு. பிரசவம் சிரமமாகி, தம்பிக்கு உடம்பு மஞ்சளாகி, நான் மறுபடி பழைய பைத்தியமானேன். பத்து எண்ணிவிட்டு எழுதுவதற்குப் பதில் மறுபடி பத்து எண்ணினேன். உங்கள் கார்டு வந்தது: "கட்டு வந்துச்சு. நீ வரல." அடுத்தது: "குட்டை வரியா இருந்தாலும் அனுப்பு. பிள்ள எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல." நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். மூன்றாவதாக வந்தது பாயின் கையெழுத்தில் இருந்தது. நாலு நாள் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். அடக்கம் முடிந்துவிட்டது என்றும்.

திரும்பி வந்தபோது கடையில் அதே திரை தொங்கியது. பாய் பத்திரிகையை நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்து பிரிக்காமலே வைத்தேன். துணி காயவைக்க மறுபடி கரியும் ஒரு புதுக் கூடையும் வாங்கினேன், சன்னலை மட்டும் சாத்துவதில்லை. எழுதவில்லை. உங்களுக்குக் கொடுக்காமல் விட்ட கதைகளை இனி யாருக்குக் கொடுத்து என்ன. பத்து மூச்சு எண்ணும் பழக்கம் மட்டும் இருந்தது. வரி இல்லாமல் வெறும் எண்ணிக்கை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கேரட் கொண்டுவரும் வில்பட்டிக்காரி கூடையை என் வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, நீங்கதான கதை எழுதுறவுக?"

"யார் சொன்னா?"

"பாய் வீட்டக்காதான். வெள்ளிக்கெழம பாய் தொழுகைக்குப் போயி கடை சாத்தியிருக்கும்ல, அப்ப கொல்லையில கூடைய எறக்கி வச்சிட்டு நாங்க ஆறேழு பேரு உக்காந்திருப்போம். அக்கா கதை சொல்லும். நாங்க போயி வில்பட்டியில சொல்லுவோம்."

வெள்ளிக்கிழமைகளில் உங்கள் கொல்லையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். காய்கறிப் பேரம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். யாரிடமாவது காட்டினீர்களா என்று ஒருமுறை கேட்டதற்கு, "யாருகிட்டக் காட்டப்போறேன், பொட்டியில கெடக்கு" என்றீர்கள். காட்டவில்லைதான்.

"அந்தப் பஸ்ஸு கதையக் கேட்டுட்டு எங்க நாத்தனா அழுதுட்டா," என்றாள் அவள்.

"அழத்தான் வரும். பிள்ளை போயிருச்சே."

"போயிருச்சா? யாரு சொன்னா?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "வளைவுல மூச்சு நின்னுச்சு, வாஸ்தவந்தான். பஸ்ஸு ஒரு குலுக்கு குலுக்குச்சு பாருங்க, பிள்ள இருமிக் கண்ணத் தொறந்துச்சு. அம்மா பசிக்குதுன்னுச்சு. கண்டக்டரு தன் பையில இருந்த பன்ன எடுத்துக் குடுத்தாரு. நீங்க எழுதுன கதை உங்களுக்கே தெரியலையேம்மா."

உள்ளே தம்பி சிணுங்கினான். சின்னச் சத்தத்துக்கும் ஓடுகிறவள் நான். அன்று எழுந்திருக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்பு வேறாக மாறும்வரை சிரித்தேன்.

குலுக்கல் எங்கிருந்து வந்தது அக்கா? அந்தப் பன்? கண்டக்டருக்கு என் கதையில் முகம்கூடக் கிடையாது. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இதற்காக உங்களோடு இன்னும் சண்டை இருக்கிறது. ஆனால் அன்று நீங்கள் பேசாமல் போனது கோபத்தால் இல்லை என்று தெரிந்துவிட்டது. யாருடைய பிள்ளை அது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. வத்தலக்குண்டு வரைக்கும் அதை அப்படி விட்டுவிட உங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த வாரமே மறுபடி ஆரம்பித்தேன். தம்பியின் பத்து மூச்சு, ஒரு வரி. உங்களைப் பற்றித்தான். மடிப்பு விழாமல் பத்திரிகை படிக்கும் ஒருத்தி, அவள் வெந்த கை, அவள் போடும் டீ. திங்கட்கிழமைகளில் எழுதின மட்டும் வில்பட்டிக்காரிக்குச் சொன்னேன். நேற்று முன்தினம் கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அக்காதான இது?"

"ஆமா."

"கடசியில அதுக்கு என்னாகுது?"

"காய்ச்சல் வர்ற வரைக்கும் எழுதிட்டேன். அதுக்கு மேல கை ஓட மாட்டேங்குது."

அவள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். "நீங்க நடந்தத நடந்தபடி எழுதுங்கம்மா, பயப்படாம. எங்காளுககிட்ட எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

கூடையைத் தூக்கிவிட்டேன். அன்று மத்தியானமே, தம்பி தூங்கும்போது, நீங்கள் இறந்துபோனதை எழுதி முடித்தேன், அக்கா. வரிகள் நீளமாகத்தான் வந்தன. வில்பட்டியில் இந்நேரம் நீங்கள் காய்ச்சல் தெளிந்து எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். உட்கார்ந்து முதலில் என்ன கேட்டீர்கள் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை அவள் வந்ததும் கேட்க வேண்டும்.